மறுதண்ணீர்

"நிறுத்துங்கண்ணே! ஹோஸை நிறுத்துங்க!"

கத்திக்கொண்டே இரும்புப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள் சின்னவள். தொட்டிக்குள் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்த கழுவுகிறவருக்குக் கேட்கவில்லை. பம்ப் ஓடும்போது அவர் பக்கத்தில் இடி விழுந்தாலும் "என்ன?" என்று நாளைக்குத்தான் கேட்பார். ஹோஸ் பீய்ச்சிய பீய்ச்சலில், சுவரில் படிந்திருந்த வெள்ளை வழவழப்பு பாளம் பாளமாகக் கழன்று, அடியிலிருந்த ஓட்டையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவளின் பதினாறு வருட வேலையும் அதே ஓட்டைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

சுவரோரம் பாய்ந்து வால்வைத் திருகினாள். ஹோஸ் துவண்டு தொங்கியது.

"என்னம்மா இது? பத்து மணிக்குள்ள தொட்டி பளபளன்னு இருக்கணும்னு மேனேஜர் உத்தரவு. முகம் பார்த்துத் தலை சீவுற மாதிரி இருக்கணுமாம்."

"இதுக்கு முன்னாடி என்னைக்காவது மறுதண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லியிருக்காரா?"

அவர் யோசித்தார். "இல்லையே."

"பதினொரு மணிக்கு எனக்கு விசாரணை. பத்து மணிக்குள்ள தொட்டி கழுவணும். ஏதாவது புரியுதா?"

கழுவுகிறவர் அவளைப் பார்த்தார். அடியில் இன்னும் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"எனக்கு டீ குடிக்கணும்போல இருக்கு. கால் மணி நேரம் ஆகும். டீ சூடா இருந்தா அரை மணி நேரம்கூட ஆகும்."

"போற வழியில லேப்காரரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கண்ணே."

அவர் படியேறியதும் சின்னவள் ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்து, அதன்மேலேயே காலை வைத்து நின்றுகொண்டாள். இந்தக் காலை நகர்த்த வேண்டுமென்றால் மேனேஜரே வரட்டும்.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது, தண்ணீர் பம்ப்புகளுக்குள் சுழலும் வெள்ளைப் பீங்கான் வளையம். நைசான தூளைத் தண்ணீரில் கரைத்து, பசை சேர்த்து, ஸ்லரி என்கிற குழம்பாக்குவார்கள். குழம்பு உலர்ந்து குருணையாகும்; குருணை பிரஸ்ஸில் வளையமாகும்; வளையம் சூளையில் வெந்து கல்லாகும். சூளைக்குப் போகிறவரை அந்த வளையத்தை உதிராமல் பிடித்து வைத்திருப்பது பசை மட்டும்தான். பைண்டர் என்பார்கள். ஒரு காலத்தில் மூக்கைத் துளைக்கும் கரைப்பானில் கரைத்தார்கள். ஆட்கள் தலைசுற்றி வரிசையாக விழுந்த பிறகு, தண்ணீரில் கரைகிற பசைக்கு மாறினார்கள். மரநாரிலிருந்து எடுக்கிற தூள். கரைத்தால் ஜெல்லி மாதிரி நிற்கும். மனிதருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கிருமிக்கும் இல்லை. ஆற அமர உட்கார்ந்து தின்னும்.

பசை கரைப்பதும் குழம்பு கலப்பதும் சின்னவளின் வேலை. வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் சின்னவள். அக்கா இதே இடத்தில் பிரஸ் ஓட்டுகிறாள்; அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நாற்பத்திரண்டு வயதுக்காரியைத் தொழிற்சாலை மொத்தமும் சின்னவளாக்கிவிட்டது.

போன வாரம் அக்கா பிரஸ்ஸிலிருந்து எடுத்த வளையங்கள் கையோடு பொடிந்தன. ஒன்றிரண்டல்ல, நாலாயிரம். பசை பிடிக்கவில்லை. மேனேஜர் ஒரே நாளில் தீர்ப்பை எழுதிவிட்டார். குழம்பில் பசை இல்லை, ஆகவே சின்னவள் போடவில்லை. ஸ்டோரில் மூன்று மூட்டை வாங்கியதற்குக் கையெழுத்து இருக்கிறது, ஆகவே மூட்டைகள் அவள் வீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆகவே திருடி.

மேனேஜர் வேறு யாருமில்லை. அக்காவின் புருஷன். வீட்டில் அத்தான்; கேட்டைத் தாண்டினால் சார்.

இன்று காலை அந்தக் கேட்டில்தான் வாட்ச்மேன், ஷிப்ட்டுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஸ்பூனை விட்டுக் கிளறினார்.

"மேலிடத்து உத்தரவும்மா. கோச்சுக்காதீங்க."

"நல்லா ஆழமா விட்டுக் கிளறுங்க. அடியில மூணு மூட்டை இருக்கும்."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். சின்னவளுக்குக் காது மடலிலிருந்து கழுத்துவரை எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆறவிடுகிற எண்ணமும் அவளுக்கு இல்லை.

லேப்காரர் படியிறங்கி வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் நாலு பேனா. அளக்காமல் தும்மக்கூட மாட்டார்.

"இந்தத் தண்ணியை முந்தாநாளே டெஸ்ட் பண்ணிட்டேன். ஒரு கிருமிகூட இல்லை. சுத்தம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். மறுபடி எதுக்கு?"

"கிருமி இல்லைன்னு எனக்கும் தெரியும் சார். உங்க கையால ஒரு பாட்டில் இதுல மொண்டு தாங்க. நான் எடுத்தா, அவ என்ன கலந்தாளோன்னு சொல்லுவாங்க. அப்புறம், புதுசாக் கரைச்ச பசை ரெண்டு கிளாஸ் வேணும்."

"என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் நடக்கலைன்னா கிளாஸைக் கழுவித் திருப்பித் தர்றேன். ஏதாவது நடந்தா நீங்களே பார்க்கத்தானே போறீங்க."

லேப்காரர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பாட்டிலில் மொண்டார், முகர்ந்தார், தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். ஆள் எப்படியோ, எழுத்தில் நேர்மையானவர்.

கேன்டீனில் டீ மாஸ்டர் கையை விரித்துக்கொண்டு அடுப்பை மறித்தார்.

"இதுல டீ போடுறேன்மா. தொட்டித் தண்ணியையா கொண்டாந்து ஊத்துவே? நாளைக்கு யாராவது வயித்தைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தா என்னைத்தானே உதைப்பாங்க?"

"பழைய பாத்திரம் ஏதாவது குடுங்க. கால் மணி நேரம் கொதிச்சா போதும்."

"உன் தலையெழுத்து, என் பாத்திரம்" என்று முனகியபடி, கைப்பிடி உடைந்த ஒன்றை எடுத்துத் தந்தார். பக்கத்திலேயே லேப்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பாட்டிலில் பாதி பாத்திரத்துக்குப் போனது. மீதிப் பாதி அப்படியே பச்சையாக இருந்தது.

தண்ணீர் தளதளக்கத் தொடங்கியபோது அக்கா வந்தாள். புடவைக்கு மேலே போட்டிருந்த நீலக் கோட்டெல்லாம் வெள்ளைத் தூள். தங்கையின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

"நான் சொல்றதைக் கேளுடி. தெரியாம நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மூட்டை விஷயத்தை எடுத்துடறேன்னு அவர் சொல்றார். வேலையை மட்டும் விட்டுட்டுப் போனா போதுமாம்."

"வேலையை மட்டுமா? பெரிய மனசுதான். அப்படியே என் தலையையும் வெட்டிக்கிட்டு, தலைமுடியை மட்டும் திருப்பித் தரச் சொல்லு."

"சின்னவளே..."

"மூணு மூட்டைப் பசையை வச்சு நான் என்னக்கா செய்வேன்? பிஞ்சுபோன உறவையா ஒட்டுவேன்? நீ பிரஸ்ல நிக்கிறே. என் குழம்பு எப்படி வரும்னு உன் கைக்குத் தெரியும். பதினாறு வருஷத்துல ஒரு நாளாவது பசை குறைஞ்சிருக்கா?"

அக்கா கோட்டிலிருந்த தூளைத் தட்டினாள். தட்டத் தட்ட இன்னும் வந்தது.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க என்னை. எழுதிக் குடுத்திருக்கார். அதைப் படிக்கணும்."

"படி. அவர் சொன்னதை எழுதிப் பழகினவதானே, இப்போ அவர் எழுதினதைப் படிச்சும் பழகிக்க."

சொன்ன பிறகுதான் சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. சொல்லக் கூடாத ஒரு இடத்தில் நாக்கு கால் வைத்துவிட்டது. மூன்றரை வருடமாக அந்தப் பக்கமே போகக் கூடாது என்று கட்டிவைத்திருந்த நாக்கு.

அக்கா திரும்பி நடந்தாள்.

விசாரணை அறையில் நீள மேஜை. தலைப்பக்கத்தில் முதலாளியம்மா. அறுபது வயது, குரலை உயர்த்தியதாக யாரும் கேட்டதில்லை, உயர்த்தத் தேவையும் வந்ததில்லை. வலது பக்கம் இஸ்திரி கலையாத சட்டையில் அத்தான். இடது பக்கம் லேப்காரர். கடைசி நாற்காலியில் அக்கா.

முதலாளியம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி ஃபிரேம். 'தண்ணீர் மறுபயன்பாட்டுத் திட்டம், சிறந்த யோசனைக்கான விருது', அடியில் அத்தான் பெயர், உள்ளே கையால் எழுதிய ஒரு தாள். குழம்புப் பாத்திரங்களைக் கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் தொட்டியில் சேர்த்து மறுபடி கலவைக்கு எடுக்கிற திட்டம். அந்தத் திட்டத்தால்தான் அத்தான் சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து மேனேஜர் நாற்காலிக்கு ஏறினார். அந்த அறைக்கு எத்தனை முறை வந்தாலும் சின்னவள் அந்த ஃபிரேமைப் பார்ப்பதில்லை. மாட்டிய அன்று ஒரு பார்வை பார்த்ததோடு சரி. இன்றும் மேஜையைத்தான் பார்த்தாள்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, மேடம்." இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களை மேஜைமேல் வைத்தாள். "ரெண்டுலயும் லேப்காரர் இன்னைக்குக் கரைச்ச பசை." டீ கலக்கும் மரக்குச்சியைக் கிளாஸுக்கு ஒன்றாக நடுவில் செருகினாள். இரண்டும் நட்டுவைத்த கொடிக்கம்பம் மாதிரி நின்றன. "இது மறுதண்ணீர்த் தொட்டியில லேப்காரர் எடுத்த தண்ணி. இந்தக் கிளாஸ்ல ரெண்டு ஸ்பூன் ஊத்திக் கலக்கறேன். அதே தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சது, அந்தக் கிளாஸ்ல ரெண்டு ஸ்பூன்."

கலக்கிவிட்டு, குச்சிகளை மறுபடி நிறுத்தினாள். இரண்டும் நின்றன.

அத்தான் சிரித்தார். "மேடம், இது விசாரணையா, மேஜிக் ஷோவா? தொட்டித் தண்ணி சுத்தம்னு லேப் ரிப்போர்ட் இருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் முதலாளியம்மா.

"ஒரு மணி நேரத்துக்குள்ள."

"இருக்கட்டும். குற்றச்சாட்டைப் படிச்சு முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். நீங்க படிங்க."

அத்தான் படித்தார். மனிதர் ரசித்துப் படித்தார். 'மேற்படி ஊழியர்' என்றார், 'நம்பிக்கை மோசடி' என்றார், 'குடும்ப உறவு என்பதால் இதுவரை பொறுத்துக்கொண்டோம்' என்றார். பொறுத்துக்கொண்டாராம்! அவர் படுத்துக் கிடந்த மூன்று மாதம், இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் இந்த மேற்படி ஊழியர்தான். சின்னவள் மேஜைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டாள். பின்னாமல் விட்டால் அவை எங்கே போகும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

அக்காவின் முறை வந்தது. எழுந்து, காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். "வளையங்கள் பொடிந்தன... பசையின் பிடிப்பு இல்லை... இதற்கு முன்பும் சந்தேகம்..." அந்த இடத்தில் குரல் நின்றது. "இதற்கு முன்பும் சந்தேகம் இருந்தது."

"இருந்ததா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"எழுதியிருக்கு மேடம்."

அத்தான் அவசரமாக நடுவில் புகுந்தார். "விஷயம் சிம்பிள் மேடம். பசை போட்டிருந்தா வளையம் நிக்கும். நிக்கலை. அப்போ போடலை. போட்ட பசை எங்கேயும் நடந்து போயிடாது. கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்னு சொல்றவங்ககூட..."

டிக்.

சின்னச் சத்தம்தான். ஒரு குச்சி மெல்லச் சாய்ந்து கிளாஸின் விளிம்பில் முட்டியிருந்தது.

அறை மொத்தமும் திரும்பியது. லேப்காரர் பாதி எழுந்து நின்றார். சின்னவள் அந்தக் கிளாஸை எடுத்துச் சாய்த்தாள். நாற்பது நிமிடம் முன்பு ஜெல்லியாக நின்ற பசை, குழாய்த் தண்ணீர் மாதிரி அலம்பியது. மற்றதைச் சாய்த்தாள். அது அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதன் குச்சி விறைப்பாக நின்றது.

"சாயுறது கொதிக்க வைக்காத தொட்டித் தண்ணி ஊத்தினது" என்றாள். "போட்ட பசை நடந்து போகாதுன்னாரே சார். இதோ, உங்க கண்ணு முன்னாடியே நடந்து போயிடுச்சு. மூட்டையைத் தேடணும்னா தொட்டிக்குள்ள தேடச் சொல்லுங்க, என் சாப்பாட்டு டப்பாவுல வேண்டாம்."

"கிருமிதான் இல்லையே!" என்று பதறினார் லேப்காரர். "நானே பார்த்தேனே!"

"கிருமி செத்துப்போச்சு சார். நாத்தம் வந்ததும் மேனேஜர் வாளி வாளியா மருந்து கொட்டினார். ஆனா பசையைக் கரைக்கறதுக்கு அது துப்பி வச்ச எச்சில் தண்ணியிலேயே இருக்கு. மருந்து கிருமியைக் கொல்லும், எச்சிலை ஒண்ணும் பண்ணாது. கொதிக்க வச்சாத்தான் அது சாகும். முன்னாடி சின்னத் தொட்டி, அன்னன்னைக்குச் சேர்ற தண்ணி அன்னன்னைக்கே தீரும், தப்பிச்சோம். போன மாசம் பெரிய தொட்டி கட்டினாங்க. பத்து நாள் ஊறுது. நான் போட்ட மூணு மூட்டையும் அதுக்கு விருந்து."

லேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நொதி... அட, ஆமா. நான் கிருமியைத்தான் எண்ணினேன். அதை விட்டுட்டேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் ரிப்போர்ட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

அத்தானின் நெற்றியில் வேர்த்தது. ஆனால் மேனேஜரானவர் சும்மா ஆகிவிடவில்லை.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"பசை சப்ளை பண்ற கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தாரே, அவர். நான் கேட்டேன், சொன்னார்."

"எப்போ?"

சின்னவள் வாயைத் திறந்து, மூடினாள். வந்து நிற்கிற இடம் எது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்பன்னு கேட்டேன்."

"நாலு வருஷம் இருக்கும்."

"கேட்டீங்களா மேடம்!" அத்தான் மேஜையைத் தட்டினார். "திட்டம் வந்து மூன்றரை வருஷம். அதுக்கு முன்னாடியே இவளுக்குத் தெரியும்! கொதிக்க வைக்கணும்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. அத்தான் நல்ல பேர் வாங்கிட்டார்னு பொறாமை. கம்பெனி கெட்டாலும் பரவாயில்லைன்னு மறைச்சிருக்கா. திருட்டைவிட இது மோசம்!"

முதலாளியம்மா சின்னவளைப் பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவள் பிழைப்பாள். நாக்கின் நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் அத்தானை மட்டும் இழுக்காது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைத் தட்டிக்கொண்டிருப்பவளையும் சேர்த்து இழுக்கும். ஃபிரேம் மாட்டிய அன்று, அந்த ஒரு பார்வையில் அவள் கண்டுகொண்டது அதைத்தான்.

"சொல்லுங்க. இதுக்குப் பதில் இல்லைன்னா, குச்சி சாய்ஞ்சதுக்கு அர்த்தம் வேற ஆயிடும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லை மேடம்."

அத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

கிரீச்சென்று இன்னொரு நாற்காலி நகர்ந்தது. அக்கா எழுந்தாள். மேஜையைச் சுற்றி நடந்து, முதலாளியம்மாவுக்குப் பின்னால் போய், எட்டி, சுவரிலிருந்த ஃபிரேமைக் கழற்றினாள்.

"ஏய், என்ன பண்றே? உட்காரு!" என்றார் அத்தான்.

"வீட்டுல உட்காருன்னு சொல்லுங்க. இங்கே நான் சாட்சி." ஃபிரேமைக் கொண்டுவந்து, சாயாத குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "இந்த எழுத்து யாருதுன்னு நினைக்கிறீங்க மேடம்?"

"உங்க வீட்டுக்காரர் எழுதினது."

"அவர் எழுத்து அவருக்கே புரியாது. இது என் எழுத்து. திட்டம் இதோ நிக்கிறாளே, இவளுது. மேலே குடுங்க அத்தான்னு நம்பி எழுதிக் குடுத்தா. அதை அவர் என்கிட்டே நீட்டி, தன் பேர்ல அழகா ஒரு நகல் எழுதச் சொன்னார். எழுதினேன். புருஷன் முன்னுக்கு வர்றார்னு எழுதினேன். இவ தாளை அடுப்புல போட்டார். இவ இன்னைக்கு வரைக்கும் வாயைத் திறக்காதது என் எழுத்தைப் பார்த்ததுனாலதான். எனக்காக."

"பொய்!" அத்தான் எழுந்துவிட்டார். "அக்காவும் தங்கையும் சேர்ந்து ஜோடிக்கிறாங்க! எங்கே ஆதாரம்?"

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைத் தூள் படிந்த விரலைக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

"ஒரு வரியை விட்டுட்டு எழுதச் சொன்னார் மேடம். அது இருந்தா தினம் கால் ஷிப்ட் கொதிக்க வைக்கவே போயிடும், திட்டம் எடுபடாதுன்னார். விட்டுட்டேன். ஆனா வரி நம்பரை மாத்தச் சொல்லலை. நானும் மாத்தலை. மூன்றரை வருஷமா உங்க தலைக்கு மேலேயே தொங்குது. கொஞ்சம் எண்ணிப் பாருங்க."

முதலாளியம்மா குனிந்தார். லேப்காரர் குனிந்தார். மாட்டிய நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சின்னவளும் அந்தத் தாளைப் பார்த்தாள். அக்காவின் குண்டு குண்டான எழுத்தில், வரிகளின் இடதுபக்கம், வரிசையாக இருந்தன எண்கள்.

ஒன்று. இரண்டு. நான்கு. ஐந்து.

"மூணு என்ன?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்:

"தொட்டித் தண்ணீரை மறுபடி எடுக்கும் முன், கால் மணி நேரம் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும்."